நான்காவது தூணும் ஒரு பெயர்க்கல்லும்

2025 மார்ச் 17, திங்கட்கிழமை. வழக்கம்போல் வெயில் ஏறுவதற்குள் எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்த முழங்கால் பயிற்சியைச் செய்தேன். பால் பொங்குவதற்குள் அது முடிந்துவிடும். பிறகு மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் எங்கள் வீடு திருநெல்வேலி சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. உப்பு லாரிகள் போகும் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் நாட்குறிப்பில் முந்தின நாளை எழுதினேன். நான் அன்றன்றே எழுதுவதில்லை. ஒரு தூக்கம் தள்ளி எழுதினால் வேண்டாதது தானாக உதிர்ந்துவிடும்.

எழுதி முடிக்கும்போது நிவேதா கூப்பிட்டாள். தூத்துக்குடியில் நான் கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது என் இடத்தில் இருக்கும் பெண்.

"மேடம், நம்ம பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாம் கட்டம் வந்துட்டு. நாளைக்குக் காலையில அஸ்திவாரத்துக்குக் கோடு போடுதோம். மரத்தூணுக்கு அடியில இடைவெளி ஏன் விடணும், எப்படிப் பாதுகாக்கணும்னு புதுப் பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். ஹமீது சார் இருந்தா அவங்ககிட்டயே கேட்டிருப்போம்."

எழுதித் தருகிறேன் என்றேன். பிறகு, "பெயர்ச் சுவர் எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டேன்.

"எந்தச் சுவர் மேடம்?"

அவள் மேல் தவறில்லை. அந்தச் சுவர் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அது என்ன சுவர் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பக்கம் போதாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நாசரேத்தில் பிறந்தவள். அப்பா ஆசிரியர். வீட்டில் என்னையும் ஆசிரியை ஆக்கத்தான் நினைத்தார்கள். நான் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தேன். முதல் பல வருடங்கள் கான்கிரீட் மட்டுமே: உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி, ஐஸ் கம்பெனி, கல்யாண மண்டபம். கடலோரத்தில் கான்கிரீட் என்ன பாடு படும் என்பதை அந்த வருடங்களில்தான் பார்த்தேன். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து மேல்பூச்சைத் தள்ளும். ஒருநாள் கூரையிலிருந்து ஒரு பாளம் விழும். நான் நின்று கட்டிய கூரைகளிலேயே அப்படி விழுந்ததுண்டு.

ஹமீது சார் எங்கள் அலுவலகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர். காயல்பட்டினத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை பாத்துக்கிடுவோமா?" என்பார். அதைக் கேட்டதும் மேஸ்திரிகள் முகம் சுருங்கிவிடும். திட்டு வாங்கியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். இதற்கு என்ன பேசுவது? அவரிடம் ஒரு குறை உண்டென்றால், அவர் விளக்கமாட்டார். செய்துகாட்டுவார், வரைந்துகாட்டுவார், காரணம் சொல்லமாட்டார். நன்றாகக் கட்டிய கட்டடத்தைப் பார்த்தாலே அதன் காரணம் புரியும் என்பது அவர் நம்பிக்கை. வாழ்நாள் முழுவதும் கட்டடங்களைப் பார்த்த ஒருவருக்குப் புரியலாம். மற்றவர்களுக்கு?

பள்ளிக்கூடம் வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில், ஒரு மீனவ ஊரில் இருந்தது. மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தியிருந்தார்கள், வகுப்பறை போதவில்லை. கீழ்த்தளச் சுவர்கள் திடமாக இருந்தன. கூரை மட்டும் உப்புக்காற்றில் கெட்டு, நாலைந்து இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. மொத்தத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட்டில் கட்டத்தான் நிர்வாகக் குழு நினைத்தது. ஹமீது சார் வேறு யோசனை சொன்னார். சுவரை வைத்துக்கொள்வோம், கெட்ட கூரையை மட்டும் இறக்குவோம், மேலே மரத்தால் ஒரு தளம் எழுப்புவோம். மரம் எடை குறைவு, பழைய அஸ்திவாரமே தாங்கும். முன்னால் நீளமாக ஒரு வராந்தா, அதற்கு மரத்தூண்கள். இடித்த கிட்டங்கிகளிலிருந்தும் பழைய வீடுகளிலிருந்தும் தேக்கு கிடைக்கும். பற்றாததற்கு, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு வளர்க்கிறார்கள் என்ற சான்றோடு துறைமுகத்தில் இறங்கும் மரத்தை வாங்கலாம்.

குழுவில் சிரித்தார்கள். "பாய், கப்பல் கட்டச் சொல்லல. பள்ளிக்கூடம் கட்டச் சொன்னோம்" என்றார் ஒருவர்.

"இந்த ஊர்ல முப்பது வருசமா உப்புத் தண்ணியில கிடக்க தோணி என்னத்துல செஞ்சது?" என்று கேட்டார் ஹமீது சார். அவ்வளவுதான் பேசினார். எப்படியோ அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: இது சரியாக நின்றால்தான் இரண்டாம் கட்டம். நிற்காவிட்டால் இதையும் இடித்துக் கான்கிரீட்.

புதுப் பிள்ளைகளுக்கு இந்த இடம் முக்கியம். மரத்தைக் கொண்டுவந்த அன்றே அறுக்கவில்லை. பள்ளி வளாகத்திலேயே, தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் குச்சி கொடுத்து அடுக்கினோம். அப்போதுதான் எல்லாப் பக்கமும் காற்று போகும். வெட்டுமுனைகளுக்கு மெழுகு பூசினோம்; மரம் தண்ணீர் குடிப்பதும் வெடிப்பதும் அங்கிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அப்படியே கிடந்தது. இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு மரம் பழகிய பிறகுதான் உளியை எடுக்கவிட்டார். நான் தினமும் காலையில் ஈரமானியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்ப்பேன். இரண்டு ஊசி உள்ள சிறு கருவி அது. ஆணி, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

அதற்குப் பிறகும் அவருக்குத் திருப்தி வராது. சிறிய மரச்சுத்தியல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒவ்வொரு துண்டையும் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

"சார் கதவைத் தட்டுத மாதிரில்லா தட்டுதாக" என்றார் சுடலைமுத்து மேஸ்திரி. "உள்ள இருந்து யாரும் திறந்துரப் போறாக."

"திறந்தா கரையான்தான் திறக்கும் மேஸ்திரி. அதான் முன்கூட்டியே தட்டுறேன்."

தூண்களின் அடியைத்தான் மிகக் கவனமாகச் செய்தோம். தரையில் கருங்கல் பீடம். அதன்மேல் ஒரு எஃகுக் கால். அந்தக் காலின் மேல் தூண். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கரையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்தான் ஏறும். இடைவெளி திறந்திருந்தால் அந்தக் குழாய் கண்ணில் பட்டுவிடும், துடைத்து எறிந்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் குனிந்து பார்த்தால் போதும். வராந்தாவில் பன்னிரண்டு தூண். பார்த்து முடிக்க அரைமணி நேரம் ஆகாது.

இனி பெயர்கள்.

அந்தப் பள்ளியில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பெஞ்சின் முதுகில் பெயர், பீரோவில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர். மின்சாரம் போனால்தான் யார் கொடுத்தது என்று தெரியும். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் எல்லாமே அப்படித்தான். கொடுப்பவர்கள் பெருமைக்காக மட்டும் எழுதுவதில்லை. பெரும்பாலும் இறந்துபோன ஒருவரின் பெயரைத்தான் எழுதுவார்கள். பிள்ளைகள் சத்தம் போடும் இடத்தில் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள்.

திறப்பு விழாவுக்கு முன்பு தலைமையாசிரியை சாந்தகுமாரி டீச்சர் எங்களிடம் வந்தார். "எல்லாம் அழகாத்தான் இருக்கு சார். பேர் எங்கன போட?"

ஹமீது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரத்துல எதையும் அடிக்க வேண்டாம் டீச்சர். ஆணி கூடாது, திருகு கூடாது."

"சரி சார். ஆணி அடிக்க மாட்டோம்."

பேச்சு அத்தோடு முடிந்தது. பக்கத்தில் நான் ஈரமானியைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்றேன். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இரண்டாம் வருடம் பழைய மாணவர்கள் பளபளப்பான கருங்கல் பலகைகளில் பெயர் பொறித்து, ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒட்டினார்கள். கீழ்ப்பாதி பீடத்தின் மேல், மேல்பாதி மரத்தின் மேல். நடுவில் இருந்த நான்கு விரல் இடைவெளி அழகாக மூடிப்போனது. அந்த நேரத்தில் எங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சோதனை பள்ளிக் காவலாளி கைக்குப் போயிருந்தது. அவர் தவறாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியும் டார்ச்சுமாகக் குனிந்து பார்த்து, எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லியனுப்பினார். அவர் பார்த்தது கல்லை. கல் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் வருடம், மழை முடிந்த தை மாதத்தில், இரண்டாம் கட்டத்துக்கு அளவெடுக்க நானும் ஹமீது சாரும் போனோம். வராந்தாவில் கால் வைத்ததும் அவர் நின்றுவிட்டார். பன்னிரண்டு கற்களையும் ஒருமுறை பார்த்தார். சுத்தியலை எடுத்து முதல் தூணிலிருந்து தட்டிக்கொண்டே போனார். நான்காவது தூணில் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. கதவைத் தட்டுவதுபோலத்தான் இருந்தது.

ஈரமானியைக் குத்தினேன். மற்ற தூண்கள் காய்ந்திருந்தன. நான்காவதில் மட்டும் முள் எகிறியது. கல்லின் ஓரத்தில் கத்தி நுனியை விட்டுப் பார்த்தேன். மண் உதிர்ந்தது, மண்ணோடு வெள்ளையாகக் கரையான்கள் ஊர்ந்தன.

சத்தம் கேட்டு வந்த சாந்தகுமாரி டீச்சர் குனிந்து பார்த்தார். "ஆணி அடிக்கலையே சார். ஒட்டித்தானே வச்சோம்."

"ஆமா டீச்சர். நீங்க சொன்னபடிதான் செஞ்சிருக்கீங்க."

நான்காவது தூணில் இருந்த கல்லில் ஒரே ஒரு பெயர்: ஜெனிட்டா. கீழே, உடன் படித்தவர்கள் என்று சிறிய எழுத்தில். மரத் தளத்தில் உட்கார்ந்து படித்த முதல் வகுப்பில் அவளும் ஒருத்தி. மறு வருடமே காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய அப்பா சவேரியார் அண்ணாச்சி ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து, ஒரு பாட்டில் தண்ணீரோடு பள்ளிக்கு வருவார். காவலாளி கேட்டைத் திறந்துவிடுவார். அண்ணாச்சி கல்லில் தண்ணீர் ஊற்றி, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வராந்தாவில் இருந்துவிட்டுப் போவார். இதைக் காவலாளிதான் சொன்னார். மற்ற தூண்கள் ஏன் காய்ந்திருந்தன என்பது புரிந்துவிட்டது.

பன்னிரண்டு கல்லையும் எடுத்தே ஆக வேண்டும். கரையான் அடுத்த தூணுக்குப் போய்விட்டால் வராந்தா நிற்காது. வராந்தா போனால் இரண்டாம் கட்டம் இல்லை, இருக்கிற மரத்தளமும் இருக்காது. குழுவில் சிலர் அதற்காகவே காத்திருந்தார்கள். பதினோரு கல்லுக்கு உரியவர்கள் போனிலேயே சம்மதித்தார்கள். பாதிப்பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் காவலாளியிடம், "என் பிள்ளை பேரை எடுக்கணும்னா என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார்.

அவர் வீட்டுக்குப் போகும் வழியில் ஹமீது சார், "தண்ணியைப் பத்தி நாம சொல்ல வேண்டாம் கிரேஸ்" என்றார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

அண்ணாச்சி எங்களை உட்காரச் சொன்னார். டீ வந்தது. ஹமீது சார் முதன்முறையாக ஒரு மனிதருக்கு விளக்கினார். தரையில் விரலால் கோடு போட்டு, இது கல், இது மரம், இது இடைவெளி, கரையான் இப்படி வரும் என்று, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். எனக்கு வியப்பாக இருந்தது. இவ்வளவு நன்றாக விளக்கத் தெரிந்தவர் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் இதை?

அண்ணாச்சி கடைசிவரை கேட்டார். "பன்னெண்டு கல்லும் ஒரே மாதிரிதான ஒட்டிக் கிடக்கு. என் பிள்ளை கல்லுல மட்டும் ஏன் ஏறிச்சு?"

ஹமீது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கழுவுன தண்ணியா?"

"தண்ணி மட்டும் இல்ல அண்ணாச்சி" என்றார் ஹமீது சார். "பேர் வைக்க ஒரு இடம் இல்லாம நான் கட்டிட்டேன். டீச்சர் கேட்டாங்க, நான் சொல்லல. அதனாலதான் கல்லு அங்கன போச்சு. அடுத்த கட்டத்துல முற்றத்துல தனியா ஒரு சுவர் வைக்கேன். கருங்கல் சுவர். எல்லாப் பேரும் அதுல வரும். முதல்ல உங்க பிள்ளை பேர்."

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று. "அங்கன தண்ணி ஊத்தலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம்."

"அப்ப எடுத்துக்கிடுங்க. சுவர் வந்ததும் சொல்லியனுப்புங்க."

கல்லை எடுத்த அன்று அவரும் வந்தார். சுடலைமுத்து மேஸ்திரி மெல்லிய கம்பியைக் கல்லுக்குப் பின்னால் விட்டு, ரம்பம்போல இழுத்து இழுத்துப் பசையை அறுத்தார். பதினோரு கல் முழுசாக வந்துவிட்டன. நான்காவது தூணின் கல் பாதி இறங்கியபோது குறுக்கே பிளந்து இரண்டாகிவிட்டது. பெயரின் நடுவில் போனது விரிசல். மேஸ்திரி இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, மெதுவாத்தான் இழுத்தேன்" என்றார்.

அண்ணாச்சி கல்லைப் பார்க்கவில்லை, தூணைத்தான் பார்த்தார். அடியில் இரண்டு முழ உயரத்துக்கு மரம் தேனடைபோல அரித்துப் போயிருந்தது. "மரம் பிழைக்குமா?" என்று கேட்டார்.

"பிழைக்கும்" என்றேன் நான்.

பிழைத்தது. உத்தரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தாங்கி, அரித்த பகுதியை அறுத்தெடுத்து, புதுத் தேக்கைச் சாய்வாக இணைத்து போல்ட் போட்டோம். அந்த இணைப்பை இன்றும் பார்க்கலாம்; மேலே கறுப்பு, கீழே வெளிர் நிறம். கற்களைச் சாக்கில் சுற்றி ஆய்வகத்துக்குப் பின்னாலுள்ள அறையில் வைத்தோம்.

அதன்பின் இரண்டாம் கட்டம் தள்ளிக்கொண்டே போனது. குழு மாறியது, பிறகு கொரோனா வந்தது, பள்ளியே மூடிக் கிடந்தது. சுவரை மட்டும் தனியாகக் கட்டிவிடலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. ஒரு கொத்தனாரும் ஒரு வாரமும் போதும். கட்டடத்தோடு சேர்த்துச் செய்தால் அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். ஹமீது சாரும் அதையே சொன்னார். முற்றத்தில் அந்தச் சுவருக்கு எந்த நேரத்தில் எங்கிருந்து நிழல் விழும் என்பதைக்கூட அவர் யோசித்து வைத்திருந்தார். வரைவதற்கு முன்பே நோய் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. அவர் போன மறு வருடம் முழங்கால் தாங்காமல் நானும் வேலையை விட்டேன்.

சவேரியார் அண்ணாச்சி பள்ளிப் பக்கம் திரும்ப வரவே இல்லை. நாங்கள் சொல்லியனுப்புவோம் என்று இருந்திருப்பார். சென்ற ஐப்பசியில் அவர் இறந்த செய்தியைச் சாந்தகுமாரி டீச்சர் போனில் சொன்னார். அன்றைய நாட்குறிப்பில் நான் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்.

புதுப் பிள்ளைகள் கேட்டது இடைவெளியைப் பற்றி. நான்கு விரல் விடுங்கள், எதனாலும் மூடாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குனிந்து பாருங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கட்டடத்துக்கு வரப்போகிறவர்கள் எதையெல்லாம் கையில் கொண்டுவருவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். அதை வைக்க ஓர் இடத்தைக் காட்டுங்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது அதிகமில்லை. டீச்சர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால், ஒரு மனிதர் தன் பிள்ளையின் பெயரைக் கழுவிக்கொண்டே இருந்திருப்பார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, மாலையில் நிவேதாவைக் கூப்பிட்டேன். விவரம் சொன்னேன். அவள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "முற்றத்துல வடக்கு ஓரம் காலியாத்தான் மேடம் இருக்கு. காலையில நீங்க வாங்க. தூணுக்கு முன்னாடி அந்தச் சுவருக்குக் கோடு போட்டுருவோம்" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். நிவேதாவும் பிள்ளைகளும் இன்னும் வந்திருக்கவில்லை. காவலாளி ஆய்வகத்துக்குப் பின்னாலுள்ள அறையைத் திறந்துவிட்டார். சாக்கைப் பிரித்து, அந்த இரண்டு துண்டையும் வெளியே எடுத்துவந்து, முற்றத்தின் வடக்கு ஓரத்தில் மணலில் சேர்த்து வைத்தேன். குழாயிலிருந்து ஒரு வாளி தண்ணீர் பிடித்துவந்து, அத்தனையையும் ஊற்றிக் கழுவினேன்.